மெக்சிகோ இலைச் சுருட்டைக் கையைக் கடிக்காத விலையில் முயன்று பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புகைப் பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் என்று எல்லா இடத்திலும் புற்றுநோய்க்கு அது வழிவிடும் என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. பெரிய சுருட்டு ஒன்றில் மட்டும் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். ஆக, இது ஏற்கெனவே எப்போதாவது ஒரு சுருட்டு பிடிக்கிறவர்களுக்கு, அதுவும் ஒன்றுக்கு நான்கிலிருந்து எட்டு டாலருக்கு மேல் செலவழிக்க மனசு வராதவர்களுக்கு.

அப்படிப்பட்டவர்களுக்கு மெக்சிகோ இலை ஒரு நல்ல தேர்வு. கறுப்பு, கனம், லேசான இனிப்பு என்று விலையுயர்ந்த சுருட்டில் தேடுகிற ருசி பாதி விலையிலேயே கிடைக்கும். ஆனால் 'மெக்சிகோ சுருட்டு' என்று கேட்டு ஒரு பெட்டியை அள்ளிக்கொண்டு வந்தால் பணம் வீண். அந்த இலை சுருட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் படி: இலையைத் தெரிந்துகொள்வது

மெக்சிகோவின் சுருட்டுப் புகையிலை என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு பள்ளத்தாக்குதான்: கிழக்குக் கரையில் வெராகுரூஸ் மாநிலத்தில் இருக்கும் சான் ஆந்த்ரெஸ் துக்ஸ்த்லா. ஒரு பக்கம் சான் மார்த்தின் எரிமலை, இன்னொரு பக்கம் கத்தேமாக்கோ ஏரி. அந்த எரிமலை கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1793இல். சாம்பல் கலந்த அந்தக் கறுப்பு மண்ணும் கடற்கரை ஈரமும் சேர்ந்து விளைவிக்கிற இலையைச் சான் ஆந்த்ரெஸ் நெக்ரோ என்கிறார்கள், அந்த மண்ணுக்கே உரிய பழைய ரகம். சுமத்ரா விதையிலிருந்து வரும் இலையும் அங்கே பயிராகிறது, ஆனால் நாம் தேடுவது பெரும்பாலும் நெக்ரோவைத்தான்.

நெக்ரோ இலை தடிமனானது. அந்தத் தடிமன்தான் அதன் மூலதனம், ஏனென்றால் கறுப்பு மேல் இலை செய்ய வேண்டுமானால் இலையைக் கட்டுக்கட்டாக அடுக்கி, உள்ளே தானாகச் சூடேற விட்டு, பிரித்து, திருப்பி, மறுபடி அடுக்கி, மாதக்கணக்கில் புளிக்க வைக்க வேண்டும். ஈர வைக்கோலைப் போராகப் போட்டால் நடுவில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறுமே, அதே கதைதான் இங்கேயும். மெல்லிய இலை இந்தச் சூட்டில் கிழிந்து நாசமாகிவிடும், நெக்ரோ தாங்கும். சூட்டில் இலை கறுக்கிறது, காரல் குறைகிறது, லேசான இனிப்பு மேலே வருகிறது. இப்படிக் கறுத்த இலையைத்தான் கடைகளில் மதுரோ என்று சொல்வது.

இங்கே புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. கறுப்பாக இருந்தால் 'ஸ்ட்ராங்' என்று நினைத்துவிடுகிறார்கள். நிறம் வருவது புளிக்க வைப்பதால், தலை சுற்ற வைக்கும் நிகோடின் வருவது செடியின் உச்சியில் நிறைய வெயில் வாங்கி வளர்ந்த இலைகளிலிருந்து. அந்த உச்சி இலையை லிகெரோ என்பார்கள், அது இருப்பது சுருட்டின் வயிற்றுக்குள். வெளியே கன்னங்கரேல் என்று இருந்துகொண்டு உள்ளே மிதமாக இருக்கும் சுருட்டும் உண்டு, பார்க்க வெளிர் நிறத்தில் சாதுவாக இருந்துகொண்டு ஆளைக் கவிழ்த்துவிடும் சுருட்டும் உண்டு. சான் ஆந்த்ரெஸ் மேல் இலை தன்னளவில் நடுத்தரமான காரம்தான், ருசிதான் அதிகம்.

அந்த ருசி எப்படி இருக்கும்? மழை விழுந்த மண், சர்க்கரை போடாத கோக்கோ, மிளகு, உலர் திராட்சை. சிலருக்கு அந்த மண்வாசனை பிடிக்கவே பிடிக்காது, சேறு என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். அதிலும் தப்பில்லை, ஒன்றிரண்டு பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

இரண்டாம் படி: இலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பது

சுருட்டுக்கு மூன்று அடுக்கு. மேலே தெரிவது ராப்பர். அதற்குள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது பைண்டர். நடுவில் மடித்து வைத்த நாலைந்து இலைகள் ஃபில்லர். மெக்சிகோ இலை இந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், இடத்துக்கு ஏற்றபடி ருசியும் மாறும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மெக்சிகோ இலையை அவர்கள் ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். மக்கனூடோ கஃபே என்ற வெளிர் நிறச் சுருட்டு, ஆரம்பக்காரர்கள் எல்லோருக்கும் கடைக்காரர் கையில் கொடுப்பது, அதன் பைண்டர் சான் ஆந்த்ரெஸ் இலைதான். மேலே நிழலில் வளர்த்த கனெக்டிகட் ஷேட் இலையின் மென்மை, அடியில் கொஞ்சம் மண், கொஞ்சம் காரம். மெக்சிகோ இலை ஒரு பின்பாட்டுக்காரனாக என்ன செய்யும் என்று பார்க்க இதைவிட எளிதான வழி கிடையாது. பக்கராட் என்ற ஹொண்டுராஸ் சுருட்டும் இதே வகை, மெக்சிகோ பைண்டர், விலையும் குறைவு. ஆனால் அதன் தலையில் இனிப்புத் தடவியிருப்பார்கள், உதட்டில் சர்க்கரை ஒட்டும். எனக்கு அது ஆகவே ஆகாது, இருந்தாலும் அதை விரும்பி வாங்குகிறவர்கள் ஏராளம்.

அடுத்த வகை, மெக்சிகோ இலை ராப்பராக இருந்து உள்ளே நிகரகுவா இலை இருப்பது. இன்றைக்குச் சந்தையில் 'சான் ஆந்த்ரெஸ்' என்ற பெயர் அடிபடுவதே இந்தக் கூட்டணியால்தான். நிகரகுவா இலைக்கு மிளகுக் காரம் அதிகம், அதன் மேல் நெக்ரோவின் இனிப்பு வந்து உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. லா அரோமா தே கூபா மி அமோர், ஜெரிக்கோ ஹில், ட்ரூ எஸ்டேட்காரர்களின் அண்டர்கிரௌன் மதுரோ எல்லாம் இந்த ரகம். அண்டர்கிரௌனின் உள்ளே பிரேசிலின் மாத்தா ஃபீனா இலையும் உண்டு. விலை வரிசையில் இவை நம் எல்லையின் மேல் விளிம்பில், ஊரைப் பொறுத்து கொஞ்சம் தாண்டியும் இருக்கும். ஒலிவா சீரி வி மெலானியோ மதுரோவும் இதே அமைப்புதான், ஆனால் அது நம் பட்ஜெட்டில் வராது. யாராவது வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, மெக்சிகோவிலேயே சுற்றப்படும் சுருட்டுகள். 1880இலிருந்து சான் ஆந்த்ரெஸில் புகையிலை போட்டுவரும் துரென்த் குடும்பத்தின் தே-அமோவும் காசா துரென்தும், 1830ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் சாந்தா கிளாரா ஆலையின் சுருட்டுகளும் இதில் அடக்கம். ஒரு காலத்தில் நியூயார்க் தெருமுனைக் கடைகளின் கூரைத்துணியில் எல்லாம் தே-அமோ என்ற பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும், அப்படி ஒரு ஓட்டம். பிறகு பெயர் கெட்டது. அதற்கு ஒரு காரணம், 1990கள் வரை வெளிநாட்டு இலையை இறக்குமதி செய்ய மெக்சிகோ விடவில்லை. மூன்று அடுக்கும் உள்ளூர் இலையாகவே இருந்தாக வேண்டும், கலந்து சமன் செய்ய வழியில்லை. ஒரே பள்ளத்தாக்கின் மண் வாசனை மேலும் கீழும் நடுவிலும் இருந்தால் எல்லோருக்கும் பிடிக்குமா? கட்டுப்பாடு போன பிறகு நிகரகுவா, ஹொண்டுராஸ் இலைகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பழைய கெட்ட பெயரை வைத்து இன்றைய தே-அமோவை ஒதுக்குகிறவர்களை இன்னும் பார்க்கலாம், அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் படி: மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது

இரண்டு விதமான மலிவு உண்டு. ஒன்று நமக்கு வேண்டியது, இன்னொன்று வேண்டாதது.

வேண்டியது: பெயரில், பெட்டியில், அளவில் மிச்சம் பிடித்த மலிவு. வார்னிஷ் அடித்த தேவதாருப் பெட்டிக்குப் பதில் இருபதோ இருபத்தைந்தோ சேர்த்து செலஃபோன் என்ற கண்ணாடித் தாளில் கட்டி விற்பார்கள், பண்டில் என்று பெயர். ராப்பரில் நிறம் கொஞ்சம் திட்டுத்திட்டாக இருப்பதால் முதல் தரத்திலிருந்து கழித்துவிட்டதும் அதில் இருக்கும், ருசியில் அதனால் பெரிய வித்தியாசம் வராது. அப்புறம் சின்ன அளவு. இது எல்லோரும் மறந்துவிடுகிற வழி. சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64இல் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள், 50 என்றால் சுமார் 20 மில்லிமீட்டர், 42 என்றால் சுமார் 17. ஐந்தரை அங்குல நீளத்தில் 42 தடிமனுள்ள, கொரோனா என்று பெயர் வைத்த அளவை எடுத்தால் விலையும் குறைவு, நேரமும் குறைவு, அதற்கும் மேலாக ராப்பரின் ருசி அதில் அதிகமாகத் தெரியும், ஏனென்றால் உள்ளே அடைத்த இலை குறைந்துவிட மேல் இலையின் பங்கு கூடுகிறது. மெக்சிகோ ராப்பரைத்தான் ருசிக்கப் போகிறோம் என்றால், 60 தடிமனில் கைப்பிடி கொள்ளாத ஒன்றை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

வேண்டாத மலிவு, உள்ளே துண்டு இலைகளை அடைப்பது. ஷார்ட் ஃபில்லர் என்பார்கள், ஆலையில் வெட்டி மிஞ்சியதையெல்லாம் போட்டு ராப்பரைச் சுற்றிவிடுவது. வேகமாக எரியும், சூடாக எரியும், வாயில் தூள் தூளாக வந்து ஒட்டும். நீள இலை கொஞ்சம், துண்டு கொஞ்சம் என்று கலந்து செய்வதும் உண்டு, அது பரவாயில்லை ரகம். விளம்பரத்தில் 'லாங் ஃபில்லர்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு மோசடியும் இருக்கிறது. மாதக்கணக்கில் புளிக்க வைக்கப் பொறுமையில்லாமல் இலையை ஆவியில் வேகவைத்தோ சாயம் ஏற்றியோ கறுப்பாக்கிவிடுவது. கறுப்பு மை பூசிய மாதிரி எங்கும் ஒரே சீராக, நரம்பு கூடத் தெரியாமல் இருந்தால் சந்தேகப்படலாம். நல்ல நெக்ரோ இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடர் பழுப்பில் ஆங்காங்கே இன்னும் கறுத்த திட்டுகள் இருக்கும், நரம்பு ஓடியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் மேலெல்லாம் நுண்ணிய பொடிப்பொடியான மேடுகள் தெரியும், விரலால் தடவினால் நெருடும். அமெரிக்கக் கடைகளில் அதை 'டூத்' என்பார்கள். எரிந்து சாம்பலான பிறகும் அந்தப் புள்ளிகள் சாம்பலின் மேல் வெள்ளை வெள்ளையாக நிற்கும்.

நான்காம் படி: வாங்குவது

முதல் தடவை பெட்டியும் வேண்டாம், பண்டிலும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குங்கள். ஏன் இரண்டு என்றால் கையால் சுற்றிய பொருளில் ஒன்று அடைத்துக்கொண்டு இழுக்க வராமல் போகலாம், அதை வைத்து அந்தப் பெயரையே ஒதுக்கிவிடக் கூடாது.

என் வரிசையைச் சொல்கிறேன். மக்கனூடோ கஃபே, மெக்சிகோ இலை பின்னால் இருக்கும்போது எப்படி என்று பார்க்க. தே-அமோ அல்லது காசா துரென்த், அது முன்னால் நிற்கும்போது எப்படி என்று பார்க்க. மி அமோர் அல்லது ஜெரிக்கோ ஹில், அது நிகரகுவாவோடு சேரும்போது எப்படி என்று பார்க்க. இந்த மூன்றையும் ஒரே அளவில், முடிந்தால் கொரோனாவிலோ ஐந்து அங்குலம் 50 தடிமனுள்ள ரொபுஸ்தோவிலோ வாங்கினால் ஒப்பிடுவது சுலபம். ஒன்று தடியாக, ஒன்று மெல்லிசாக இருந்தால் எரியும் சூடே வேறாகிவிடும், பிறகு எந்த வித்தியாசம் இலையால், எது அளவால் என்று குழம்பிப் போவீர்கள்.

கடையில் எடுத்துப் பார்க்க விட்டால், சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளோடு சேர்த்து இரண்டு விரலால் தலை முதல் கால் வரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். எங்காவது பொதுக்கென்று உள்ளே போனால் அங்கே இலை குறைவு, எங்காவது கட்டியாக இருந்தால் அங்கே அடைக்கும். மொறுமொறு என்று சத்தம் வந்தால் காய்ந்துபோனது, வைத்துவிடுங்கள். செலஃபோன் தாள் தேன் நிறத்துக்கு மஞ்சளாகியிருந்தால் அது ரொம்ப நாள் கடையில் இருந்தது என்று அர்த்தம், மதுரோவைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி. சின்னக் கடைகளில் மூலையில் விற்காமல் கிடக்கும் தே-அமோவை இப்படிக் கண்டுபிடித்தால் விடாதீர்கள், வயதான சுருட்டைப் புது விலைக்கு வாங்குகிறீர்கள்.

விலையில் பெரிய பங்கு வரி. அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: ஃப்ளோரிடாவிலும் பென்சில்வேனியாவிலும் பெரிய சுருட்டுகளுக்கு மாநில வரி இல்லை, நியூயார்க்கிலோ மொத்த விலையில் 75 சதவீதம். அதே சுருட்டு ஒரு மாநிலத்தில் மலிவு, பக்கத்து மாநிலத்தில் ஆடம்பரம். பயணம் போகிற இடத்தில் நாலு வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது, இந்தியாவில் அந்த எல்லை பொதுவாக 18.

ஐந்தாம் படி: வீட்டில் ஆற வைப்பது

தபாலில் வந்ததை அன்றைக்கே பற்றவைக்காதீர்கள். வழியில் சூடு, குளிர், ஈரம் எல்லாம் பட்டு வந்திருக்கும், இரண்டு மூன்று வாரம் ஓரிடத்தில் கிடக்கட்டும். மதுரோ இலைக்கு இது இன்னும் முக்கியம். தடித்த இலை ஈரத்தை மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும். ஈரம் மிஞ்சியிருந்தால் பாதியில் அணைந்து அணைந்து கழுத்தறுக்கும், கோணலாக எரியும்.

இதற்காக ஹியூமிடார் என்ற ஈரம் காக்கும் சுருட்டுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், ஊறுகாயோ சாம்பாரோ இருந்த டப்பா வேண்டவே வேண்டாம், வாசனை ஏறிவிடும். உள்ளே 65 சதவீத ஈரம் காக்கும் போவேடா பை ஒன்று போட்டால் முடிந்தது. 69இலும் வரும், ஆனால் இந்தத் தடித்த ராப்பருக்கு 65தான் சரி என்பது என் கருத்து. ஈரமானி வைப்பவர்கள் அதை ஒருமுறை சோதித்துவிடுங்கள்: பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் கூழாக நிற்கும் அளவுக்குச் சில துளித் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு ஜிப் பையில் போட்டு ஒரு நாள் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், அது எப்போதும் நாலு குறைத்துத்தான் காட்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் வெயிலில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புகையிலை வண்டு என்று ஒன்று இருக்கிறது, இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத முட்டையாக வந்து, வெப்பம் 24 டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால் பொரித்துவிடும். குண்டூசித் தலை அளவு ஓட்டை ராப்பரில் தெரிந்தால் அதுதான். நம் சமையலறையில் மல்லித்தூளிலும் மஞ்சள்தூளிலும் வரும் பழுப்பு வண்டும் இதே இனம்தான், அதனால் சுருட்டு டப்பாவை மளிகை அலமாரியில் வைக்காதீர்கள், இங்கிருந்து அங்கேயும் போகும், அங்கிருந்து இங்கேயும் வரும். ஏசி இல்லாத வீடானால் சுருட்டை இரண்டு ஜிப் பைக்குள் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அப்புறம்தான் வெளியே. ஃப்ரீசரிலிருந்து நேராகச் சூட்டுக்கு எடுத்தால் ராப்பர் வெடித்துவிடும்.

ஆறாம் படி: பற்றவைப்பது

வெறும் வயிற்றில் வேண்டாம். நிகோடின் ஏறினால் வியர்க்கும், வாய் ஊறும், குமட்டும், முகம் வெளுத்துவிடும், பழக்கம் உள்ளவர்களுக்கும் வரும். வந்தால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு இனிப்பாக ஏதாவது சாப்பிட்டு உட்காருங்கள்.

வெட்டுவது: மூடியிருக்கும் தலைப்பக்கத்தில் ஒரு சின்னத் தொப்பி ஒட்டியிருக்கும், அதன் விளிம்பு ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலேயே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெட்ட வேண்டும். கோட்டைத் தாண்டி வெட்டினால் ராப்பர் பாம்புச் சட்டையாக உரிந்துவிடும். பல்லால் கடிப்பது பார்க்க வேண்டுமானால் நன்றாக இருக்கலாம். வெட்டிய பிறகு, பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று லேசான தடையோடு வர வேண்டும், நாக்கில் அப்போதே ஒரு உலர் திராட்சை இனிப்பு தட்டுப்படும். பல கறுப்பு சான் ஆந்த்ரெஸ் சுருட்டுகளில் எனக்குப் பிடித்த கட்டமே இதுதான்.

நெருப்புக்கு மணமில்லாத பியூட்டேன் லைட்டர், இல்லையென்றால் நீளமான தீக்குச்சி. பெட்ரோல் வாடை அடிக்கும் திரி லைட்டர் ருசியைக் கெடுக்கும். தீக்குச்சியானால் முனை மருந்து எரிந்து முடியும் வரை பொறுங்கள். சுடரைச் சுருட்டில் ஒட்டாமல், கொஞ்சம் கீழே வைத்து, சுருட்டை உருட்டிக்கொண்டே முனை முழுக்கக் கருகும்படி வாட்டுங்கள். தடித்த ராப்பர் என்பதால் உள்ளிலை பிடித்த பிறகும் வெளி விளிம்பு பிடிக்கத் தாமதமாகும், அவசரப்பட்டு உறிஞ்சினால் நடுவில் மட்டும் குடைந்துகொண்டு எரியும். விளிம்பெல்லாம் சிவந்ததா என்று முனையில் மெதுவாக ஊதிப் பார்த்துவிட்டு அப்புறம் முதல் இழுப்பு.

ஏழாம் படி: இழுப்பதும் கவனிப்பதும்

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அதைவிட வேகமாகப் போனால் தணல் சூடேறி, கோக்கோ எல்லாம் போய்க் கசப்பும் தாரும்தான் மிஞ்சும், பிறகு மெக்சிகோ இலை கசக்கிறது என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிடுவோம். புகையை நெஞ்சுக்குள் இறக்காதீர்கள். வாயில் வைத்திருந்து வெளியே விடுங்கள், பத்துக்கு ஒரு தடவை மட்டும் அதில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தால் மிளகு எங்கே இருக்கிறது என்று தெரியும், கண்ணில் தண்ணீர் வந்தால் உள்ளே நிகரகுவா லிகெரோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் நல்லது, ஆனால் விற்பனைத் தாளில் இருக்கும் தோல், தேவதாரு, செர்ரி எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் சமையலறையில் இருக்கும் பெயர்களை எழுதுங்கள்: சுக்கு, மிளகு, கருப்பட்டி, வறுத்த மல்லி, காய்ந்த கறிவேப்பிலை, முந்தைய நாள் காபி. அவை உங்களுக்கு அடுத்த தடவை புரியும். சுருட்டை மூன்று பாகமாக மனதில் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும். மெக்சிகோ ராப்பர் சுருட்டுகளில் முதல் பாகம் பெரும்பாலும் மிளகும் மண்ணும், நடுப்பாகத்தில் இனிப்பு எழும், கடைசிப் பாகம்தான் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். நன்றாகப் புளிக்காத இலையானால் அங்கே அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். மலிவு சுருட்டுகளில் இது சகஜம். அப்படி வந்தால் அணைத்துவிட்டு, இரண்டாவதை டப்பாவில் மூன்று மாதம் போட்டு வையுங்கள், பெரும்பாலும் நெடி அடங்கிவிடும்.

நடுவில் அணைந்தால் கவலைப்பட வேண்டாம். சாம்பலைத் தட்டிவிட்டு, சுருட்டுக்குள் ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதி, தேங்கிய பழைய புகையை வெளியேற்றிவிட்டு, மறுபடி வாட்டிப் பற்றவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்தால் எரியாத பக்கத்தைக் கீழ்ப்புறமாகத் திருப்பி வைத்துப் பொறுமையாக இருங்கள், நெருப்பு கீழிருந்து நன்றாகப் பிடிக்கும்.

கூடக் குடிப்பதற்குக் கறுப்புக் காபி. வெராகுரூஸ் மாநிலம் புகையிலைக்கு மட்டுமில்லை, கோவாத்தெபெக் மலைப்பக்கத்தின் காபிக்கும் பெயர் போனது, துறைமுகத்தில் இருக்கும் கிரான் கஃபே தே லா பரோக்கியாவில் கண்ணாடித் தம்ளரில் கரண்டியால் தட்டி ஓசை எழுப்பினால் கெட்டிலோடு வந்து சுடச்சுடப் பால் ஊற்றுவார்கள். பால் காபிதான் பழக்கம் என்றால் அதுவும் இந்த இலையோடு நன்றாகவே போகும். ரம், மெஸ்கால் என்று ஆரம்பித்தால் எது எதன் ருசி என்று தெரியாமல் போய்விடும், முதல் தடவைக்குத் தேவையில்லை.

விரல் சுடும் வரை பிடிக்கத் தேவையில்லை, இரண்டு அங்குலம் மிஞ்சும்போதே வைத்துவிடலாம். நசுக்காமல் சாம்பல் கிண்ணத்தில் அப்படியே விட்டால் தானாக அணையும், நசுக்கினால்தான் அந்த நாற்றம் அறை முழுக்கப் பரவும்.

எட்டாம் படி: அடுத்து என்ன வாங்குவது

மூன்று வகையும் பிடித்துப் பார்த்த பிறகு உங்கள் குறிப்பைப் புரட்டுங்கள். மக்கனூடோவில் அடியில் இருந்த மண் ருசிதான் பிடித்தது, கறுப்புச் சுருட்டில் அது திகட்டிவிட்டது என்றால் உங்களுக்கு வேண்டியது மெக்சிகோ பைண்டர், அதில் மலிவானவை நிறைய. தே-அமோ பிடித்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், செலவே இல்லை, பண்டிலாக வாங்கிப் போட்டு வைக்கலாம், வயது ஏற ஏற நன்றாகும். மி அமோர் வகைதான் பிடித்தது என்றால் கொஞ்சம் காசு போகும், அதைக் கொரோனா அளவில் வாங்கிச் சமாளிக்கலாம். மூன்றும் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள், ஈக்வடார் இலை, பிரேசில் இலை என்று வேறு எத்தனையோ இருக்கின்றன, இல்லையென்றால் இந்தச் சாக்கில் பழக்கத்தையே விட்டாலும் லாபம்தான்.

மெக்சிகோவுக்கே போகிறவர்கள் வெராகுரூஸ் துறைமுகத்திலிருந்து பேருந்தில் சான் ஆந்த்ரெஸ் துக்ஸ்த்லா போய்விடலாம், அங்கே விலை இன்னும் குறைவு. 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த விதிகளின்படி கடைகளில் புகையிலைப் பொருளைக் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கக் கூடாது, ஆகவே அலமாரி காலியாக இருக்கிறதே என்று திரும்பிவிடாமல் கேளுங்கள். கடற்கரை, பூங்கா, ஹோட்டல் என்று பொது இடம் எதிலும் பற்றவைக்கவும் கூடாது. கடற்கரை நகரங்களில் கியூபா சுருட்டு என்று கூவி விற்பதை வாங்காதீர்கள், பெரும்பாலும் போலி.

திரும்பி வரும்போது சுங்கக் கணக்கு. இந்தியாவுக்குள் வரியில்லாமல் 25 சுருட்டு வரை, அமெரிக்காவுக்கு 100 வரை. சிங்கப்பூரில் ஒன்றுக்குக்கூடச் சலுகை கிடையாது, பையில் ஒரே ஒரு சுருட்டு இருந்தாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டிவிடுங்கள்.